சின்ன ஜாக்

பஞ்சர் கடை வாசலில் ஒரு மினி லாரி நிற்கிறது. பையன் பின்சக்கரத்துக்கு அருகில் குந்தி, மண் அமுங்காமல் இருக்க ஒரு பலகைத்துண்டைப் போட்டு, அதன்மேல் இரும்புக் குப்பி போன்ற ஒன்றை நிறுத்துகிறான். கம்பியைச் செருகி அழுத்துகிறான். பத்துப் பன்னிரண்டு அழுத்தில் லாரியின் பின்பக்கம் மெல்ல எழும்பி, சக்கரம் தரையை விட்டுப் பிரிகிறது. கடைக்குள்ளிருந்து முதலாளி குரல் கொடுக்கிறார்: “ஜாக்கி சாயுதா பாருடா.”

சிறுவயதில் எனக்கு இந்தச் சொல் பெரிய புதிர். டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட இரவுகளில், எல்லோரும் தூங்கி வழியும் நேரத்தில் போடும் மூன்றாவது படம் பெரும்பாலும் ஜாக்கிசான் படமாக இருக்கும். நாற்காலி, குடை, சைக்கிள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்துச் சண்டை போடும் அந்த மனிதருக்கும் வண்டி தூக்கும் இரும்புக்கும் எப்படி ஒரே பெயர் என்று மாமாவிடம் கேட்டேன். “அவன் எதை வேணா தூக்கிடுவான்டா, அதான்” என்றார். பதில் தவறுதான். ஆனால் அவர் கைகாட்டிய திசை சரி என்று பின்னால் புரிந்தது. அந்த இரண்டு ஜாக்கியும் ஒரே கொடியில் காய்த்தவை.

கொடியின் வேர் எபிரேயத்தில் இருக்கிறது. யோகனான் என்ற பெயருக்குக் ‘கடவுள் அருளினார்’ என்று பொருள். கிரேக்கம், இலத்தீன் வழியாக இங்கிலாந்துக்குப் போய் ஜான் ஆயிற்று. தமிழில் சீர்திருத்த சபையார் யோவான் என்று ஒலியை எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் அருளப்பர் என்று பொருளை எடுத்துக்கொண்டார்கள். மறவர் நாட்டில் 1693இல் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ அருளானந்தர் என்று பெயர் பூண்டதும் இந்தப் பொருளை ஒட்டித்தான். இங்கிலாந்திலோ ஜானுக்கு ஜாங்கின் என்றொரு செல்லப்பெயர் இருந்தது. அது மருவி ஜாக். நம் இலக்கணத்தில் மரூஉ என்கிறோமே, அதுதான். பிரெஞ்சில் யாக்கோபுக்கு வழங்கும் ஜாக் என்ற பெயரின் சாயலும் இதில் கலந்திருக்கலாம் என்பார் உண்டு.

தெருவுக்கு நாலு ஜாக் இருந்ததால், பெயர் தெரியாத எவனையும் ஜாக் என்று கூப்பிடும் வழக்கம் வந்தது. நாம் குப்பன் சுப்பன் என்கிறோம், அது மாதிரி. அந்தக் குப்பன் பெரும்பாலும் வேலைக்காரன், எடுபிடி, கூலியாள். மரம் வெட்டுபவன் பெயரிலும், கோபுரம் ஏறிப் பழுது பார்ப்பவன் பெயரிலும் ஆங்கிலத்தில் ஜாக் ஒட்டிக்கொண்டான். பிறகு ஆள் செய்த வேலையைக் கருவி செய்யத் தொடங்கியபோது ஆளின் பெயர் கருவிக்குப் போயிற்று. பூட்ஸைக் கழற்றிவிடும் பையன் இருந்த இடத்தில் ஒரு பிளவுபட்ட கட்டை வந்தது. அதற்குப் பெயர் ஜாக். இறைச்சிக் கம்பியைத் தீயின்மேல் சுழற்றும் பையனுக்குப் பதில் ஒரு பொறி வந்தது, அதுவும் ஜாக். பாரம் தூக்கும் பொறியும் அப்படித்தான் ஜாக் ஆனது. ஆகுபெயருக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. குதிரைப் பந்தயத்தில் ஓட்டுபவரும் இந்த வீட்டுப் பிள்ளையே. ஸ்காட்லாந்தில் ஜாக் என்பது ஜொக் ஆகி, அதன் செல்லவடிவமாக ஜாக்கி பிறந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தபோது எல்லாம் ஒன்றாகிவிட்டன. குதிரை ஓட்டுபவரும் ஜாக்கி, லாரி தூக்குவதும் ஜாக்கி. சென்ட்ரிங் வேலைக்காரர்கள் கான்கிரீட் இறுகும்வரை பலகைக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் குழாய்க்கும் ஜாக்கி என்றே பெயர். தாழ்ந்துபோன பழைய வீட்டை நாலைந்து அடி உயர்த்தும் தொழிலில், வீட்டைச் சுற்றி நூற்றுக்கணக்கில் நிற்பதும் ஜாக்கிதான். கட்டட வேலையில் இந்தச் சொல் இவ்வளவு புழங்குவது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏனென்றால் ஜாக்கி சானுக்கு ஜாக்கி என்ற பெயர் கிடைத்ததும் ஒரு கட்டட வேலையிடத்தில்தான்.

ஆண்டு 1976. இடம் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா. ஹாங்காங்கில் வேலை இல்லாமல், கான்பெராவின் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்த பெற்றோரிடம் வந்து சேர்ந்திருந்தார் 22 வயது இளைஞர். மூன்றாண்டுக்கு முன் புரூஸ் லீ இறந்தபின் குங்ஃபூ படங்களின் மவுசு குறைந்து, சண்டைக்காரர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேடிய காலம். டிக்சன் கல்லூரியில் கொஞ்ச நாள் போனார். கட்டட வேலைக்கும் போனார். அவருடைய சீனப் பெயர் கூட இருந்தவர்கள் வாயில் நுழையவில்லை. அவரைத் தன்னோடு வைத்துக்கொண்ட கொத்தனார் பெயர் ஜாக். ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் பெரிய மாரி, சின்ன மாரி என்பதில்லையா? அப்படி இவர் ‘சின்ன ஜாக்’ ஆனார். சின்ன ஜாக் சுருங்கி ஜாக்கி.

அந்தப் பெயர் வருவதற்குள் அவர் ஏற்கெனவே மூன்று நான்கு பெயர்களைக் கடந்திருந்தார். ஹாங்காங்கில் 1954 ஏப்ரல் 7 அன்று பிறந்தபோது வைத்த பெயர் சான் கொங்-சாங். ஹாங்காங் என்றால் ‘மணக்கும் துறைமுகம்’. அதில் வரும் துறைமுகம்தான் கொங். சாங் என்றால் பிறந்தவன். துறைமுகத்தில் பிறந்தவன். சிதம்பரம், பழனி என்று ஊர்ப் பெயரை ஆளுக்கு வைக்கும் நமக்கு இது எளிதில் புரியும். ஆனால் அங்கே பக்தி இல்லை. உள்நாட்டுப் போருக்குத் தப்பிவந்த தாய்தந்தையர், பிள்ளையாவது ஒரு பத்திரமான கரையில் பிறந்தான் என்று குறித்துவைத்த பெயர் என்றே எனக்குப் படுகிறது. வீட்டில் கூப்பிட்டது பாவ்-பாவ். பீரங்கிக் குண்டு என்று பொருள். கொழுகொழுவென்று உருண்டுகொண்டே இருந்த குழந்தையாம்.

ஏழு வயதில் பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். ஆசிரியர் யூ ஜிம்-யுயென். பத்தாண்டு ஒப்பந்தம். அடி, பசி, மணிக்கணக்கில் தலைகீழாக நிற்றல். நம் பாய்ஸ் கம்பெனிகளின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பள்ளியின் வாசனை அந்நியமாக இராது. அங்கே சேர்ந்த பிள்ளைகள் ஆசிரியர் பெயரின் கடைசி எழுத்தான ‘யுயென்’ என்பதைத் தம் பெயரில் தாங்கினார்கள். யுயென் பியாவ், யுயென் வா, கோரி யுயென் என்று ஹாங்காங் சண்டைப்பட உலகில் நாம் காணும் அத்தனை யுயென்களும் அண்ணன் தம்பிகள் அல்லர். ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். அந்த யுயெனுக்கு ‘முதல், ஆதி’ என்று பொருள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜாக்கியை நட்சத்திரமாக்கிய இயக்குநர் யுயென் வூ-பிங் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய யுயென் வேறு எழுத்து, பரம்பரைக் குடும்பப்பெயர். மலை, மழை வேறுபாடு காதில் விழாத ஒருவர் தமிழைக் கேட்பது போலத்தான், எழுத்தைப் பார்க்காமல் சீனப் பெயரைக் கேட்பது.

நம் பையனுக்குப் பள்ளியில் கிடைத்தது யுயென் லோ. ‘லோ’ என்றால் மாடிக் கட்டடம். இதை அறிந்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். பின்னாளில் மணிக்கூண்டு முள்ளில் தொங்கி விழுந்தவரும், வணிக வளாகத்தின் மேல்மாடியிலிருந்து கம்பம் பற்றிச் சறுக்கியவரும், ராட்டர்டாம் நகரில் சாய்ந்த கண்ணாடிச் சுவரில் உருண்டு இறங்கியவரும் சிறுவயதில் சுமந்த பெயர் மாடிக் கட்டடம். தற்செயல்தான். இருந்தாலும் பெயராராய்ச்சி செய்பவனுக்கு இப்படி ஒரு தற்செயல் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

பள்ளியில் மூத்தவரான சாம்மோ ஹங்குக்கு யுயென் லுங் என்று பெயர். அவர் அதை விட்டபின் இளையவர் எடுத்துக்கொண்டு சிலகாலம் சான் யுயென்-லுங் ஆனார். லுங் என்றால் டிராகன். அதுவே டிராகன் அவர் பெயருக்குள் முதன்முதலாக நுழைந்த வழி; அண்ணன் போட்டுக் கழற்றிய சட்டை.

டிராகனைத் தமிழில் சொல்வது கஷ்டம். தமிழ் விவிலியம் வலுசர்ப்பம் என்கிறது. அது வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் தீய பிராணி. கோயில் தூணில் நிற்கும் யாளி வேறு இனம். சீன லுங் மழை தருவது, மங்கலமானது, மன்னனின் அடையாளம். மகன் டிராகன் ஆக வேண்டும் என்று பெற்றோர் ஏங்குவதாகச் சீனத்தில் ஒரு மரபுத்தொடரே உண்டு. பிள்ளை பெரிய ஆளாக வரவேண்டும் என்பது கருத்து.

1976இல் கான்பெராவுக்கு, ஹாங்காங் படத்துறையில் இருந்த வில்லி சானிடமிருந்து தந்தி வந்தது. இயக்குநர் லோ வெய் புதுப்படத்துக்கு அழைக்கிறார். புரூஸ் லீயை வைத்து ‘தி பிக் பாஸ்’, ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ எடுத்தவர். சிவாஜி ராவைப் பாலசந்தர் ரஜினிகாந்த் ஆக்கியதுபோல இவருக்கும் லோ வெய் பெயர் மாற்றினார்: சிங் லுங். ‘சிங்’ என்பது ‘ஆகு’ என்னும் வினை, டிராகனாக ஆகு. புரூஸ் லீயின் சீனப் பெயர் லீ சியு-லுங், ‘சின்ன டிராகன்’. அவர் பிறந்தது 1940, டிராகன் ஆண்டு. நம்மவர் பிறந்தது குதிரை ஆண்டு. பெயரிலேயே கட்டளை இருந்தது: செத்துப்போன அந்த டிராகனாக நீ ஆகு. அந்த நாளில் புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்று நிழல்கள் பல திரையில் அலைந்தன. இவரும் ஒரு நிழலாகவே ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யில் நின்றார். முகத்தை இறுக்கினார், முறைத்தார், பழிவாங்கினார். படம் ஓடவில்லை. அடுத்தடுத்த படங்களும் பெரிதாக எழவில்லை.

பெயர் பொய்த்தது என்பதைவிட, பெயரிட்டவர் ஆளைப் பார்க்கவில்லை என்பேன். 1978இல் வேறொரு கம்பெனிக்கு இரவலாகப் போனபோதுதான் ஆள் தெரிந்தார். தயாரிப்பாளர் இங் சீ-யுயென், இயக்குநர் யுயென் வூ-பிங். படம் ‘ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ’. அதில் அவர் வீரன் அல்லர், குங்ஃபூ பள்ளியில் தரை துடைக்கும் அநாதை. மாணவர்கள் பழகுவதற்கு அடி வாங்கிக் கொடுப்பது அவன் வேலை. அதே ஆண்டு ‘டிரங்கன் மாஸ்டர்’. மக்கள் தலைவணங்கும் வீரர் வோங் ஃபெய்-ஹங்கை வேலைக்கு மட்டம்போடும் குறும்புக்காரப் பிள்ளையாகக் காட்டினார்கள். இரண்டும் வெற்றி. புரூஸ் லீ அடித்தால் எதிரிக்கு மட்டும்தான் வலிக்கும். இவர் அடித்தால் இவருக்கும் வலிக்கும். குத்திவிட்டுக் கையை உதறிக்கொள்வார், ஓடுவார், மேசைக்கு அடியில் நுழைவார். டிராகன் ஆவதை விட்டு ஜாக்காக நின்றபோதுதான் சிங் லுங் என்ற பெயர் சுவரொட்டியில் தங்கியது. என் வாதம் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்குச் சாட்சி.

கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1981இல் பெரிய நடிகர் கூட்டத்தோடு ‘தி கேனன்பால் ரன்’. ஹாங்காங்கில் பிறந்தவருக்கு அதில் ஜப்பானியர் வேடம். பெயரைப் பாருங்கள்: கேனன்பால், பீரங்கிக் குண்டு, சீனத் தலைப்பிலும் அந்தப் ‘பாவ்’ வருகிறது. அம்மா கூப்பிட்ட செல்லப்பெயரில் ஒரு படம், அதில் அவருக்குக் கிடைத்ததோ சொற்ப இடம். ஆனால் ஒன்றை அங்கிருந்து எடுத்து வந்தார். அந்தப் படத்தின் இயக்குநர் ஹால் நீதம் தாமே சண்டைக்கலைஞராக இருந்தவர். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது சொதப்பிய காட்சிகளைக் காட்டினார். அங்கே அவை சிரிப்புக்கு. ஜாக்கி அதைத் தம் படங்களுக்குக் கொண்டுவந்தபோது சிரிப்போடு அடியும் சேர்ந்தது. ‘புராஜெக்ட் ஏ’வில் (1983) மணிக்கூண்டிலிருந்து துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு விழும் காட்சி ஒரே முறையில் எடுத்ததல்ல என்பதை நாம் பார்க்கிறோம். விழுந்தவரைத் தூக்க ஓடிவரும் கைகளைப் பார்க்கிறோம். பெயர்ப்பட்டியலை யாரும் உட்கார்ந்து படிக்காத சினிமாவில், பட்டியல் ஓடும் நேரத்தில் பார்வையாளரை உட்காரவைத்தவர் அவர். டெக்கில் படம் பார்த்த இரவுகளில் ‘அவ்வளவுதான்’ என்று யாராவது எழுந்தால், “இருடா, அடிபட்டது வரும்” என்று அடக்குவோம்.

‘போலீஸ் ஸ்டோரி’ (1985) எடுத்தபோது உடைந்த கண்ணாடிக்கு அளவில்லை. படக்குழு அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘கிளாஸ் ஸ்டோரி’. கூலியாட்கள் வைக்கும் பெயர் எப்போதும் இப்படித்தான். வேலையின் வலியிலிருந்து வரும்.

ஹாங்காங்கில் ஸ்டண்ட் கலைஞருக்குப் பழைய பெயர் ‘லுங் ஃபு மோ ஸி’. டிராகன், புலி, போர்க்கலை, ஆசான் என நான்கு சொல். இசைநாடக மேடையில் பல்டி அடித்தவர்களிடமிருந்து சினிமாவுக்கு வந்தது. லோ வெய் கொடுப்பதற்கு முன்பே டிராகன் அவர் தொழிலின் பெயரில் இருந்தது. ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யில் வில்லனுக்கு டூப் போட்டு, புரூஸ் லீயின் உதையில் பறந்து போய் விழுந்தவர் இவர். ‘என்டர் த டிராகன்’ படத்தில் புரூஸ் லீ தலைமுடியைப் பிடித்துக் கழுத்தை முறிக்கும் அடியாட்களில் ஒருவரும் இவர்தான். பெயர்ப்பட்டியலில் வராத டிராகன்கள்.

அவர்களைக் கொண்டு அவர் அமைத்த குழுவின் பெயர் சிங் கா பான். ‘கா’ வீடு, குடும்பம். ‘பான்’ நம் கூத்துக்காரர்கள் ஜமா என்பார்களே, அது. சிங் வீட்டு ஜமா. லோ வெய் வைத்த பெயரில் ‘ஆகு’ என்று நின்ற வினைச்சொல், இங்கே ஒரு குடும்பப்பெயராக மாறிவிட்டது. அடிபட்டவர்களின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்ற அந்தக் குடும்பத்துக்கு அவர் ‘தாய் கோ’, அதாவது அண்ணன். சாம்மோவும் ஏற்கெனவே அண்ணன். இருவரும் ‘புராஜெக்ட் ஏ’வில் சேர்ந்தபோது எந்த அண்ணன் என்ற குழப்பம் வந்து, சாம்மோ ‘தாய் கோ தாய்’, பெரியண்ணன் ஆனார். பெரிய ஜாக், சின்ன ஜாக் கதைதான் இதுவும்.

பிந்திய மைல்கற்கள் எல்லோரும் அறிந்தவை. 1995இல் வந்த ‘ரம்பிள் இன் த பிராங்க்ஸ்’ அமெரிக்கக் கதவைத் திறந்தது, 1998இல் ‘ரஷ் ஹவர்’, 2016 நவம்பரில் கௌரவ ஆஸ்கர். 2008 ஏப்ரலில் ‘தசாவதாரம்’ பாடல் வெளியீட்டுக்குச் சென்னைக்கே வந்துபோனார். அதற்கு வெகுமுன்பே அவர் பெயர் இங்கே உவமையாகிவிட்டது, சுவரேறிக் குதித்தவனுக்கு அம்மாவிடம் கிடைத்த முதல் திட்டு, “பெரிய ஜாக்கிசானா நீ?” எழுத்தில்தான் இன்னும் நிலைகொள்ளவில்லை. ஜாக்கி சான் என்று பிரித்தால் பலர் வாயில் ‘ஸான்’ ஆகிறது. ஷான் என்பாரும் உண்டு. ஜாக்கிச்சான் என்று ஒற்று மிகுத்தால்தான் கான்டனீய ஒலி அச்சாக வருகிறது. அந்தச் சான், மாண்டரினில் சென். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் அன்றாடம் கேட்கும் டான் என்பதும் அதே எழுத்தின் ஹொக்கியன் ஒலி. தென்சீனத்தில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் ஒன்று.

ஒளிந்துகொள்ளத் தோதான பெயரும்கூட. தந்தை சார்ல்ஸ் சான் பிறவியில் சான் அல்லர். தேசியவாதிகளுக்கு உளவு வேலை பார்த்தவர். கம்யூனிஸ்டுகள் கை ஓங்கியபோது ஹாங்காங்குக்குத் தப்பிவந்து குடும்பப்பெயரை மாற்றிக்கொண்டார். சொந்தப் பெயர் ஃபோங் தோ-லுங். ஆம், கடைசி எழுத்து டிராகன். பெருநிலத்தில் அவருக்கு முந்தைய மணத்தில் இரண்டு மகன்கள். தாய்க்கும் அங்கே இரண்டு மகள்கள். ஒரே பிள்ளை என்று வளர்ந்தவர் நடுவயதில் இதை அறிந்தார். மேபல் சியுங் இயக்கி 2003இல் வந்த ஆவணப்படம் அந்தக் கதையைச் சொல்கிறது. 1998இல் அவர் நடித்த ‘ஹூ ஆம் ஐ’ படத்தில் நினைவிழந்து காட்டில் கிடப்பவன் ‘நான் யார்’ என்று கேட்க, ஆப்பிரிக்கப் பழங்குடியினர் அதையே அவன் பெயராக எடுத்துக்கொள்வார்கள். இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை எனக்கு.

குடும்ப வழிப்படி அவர் பெயர் ஃபோங் ஸி-லுங். ‘ஃபோங்’ என்ற எழுத்துக்குப் பொருள் வீடு, அறை. அவருடைய மகன் 1982இல் பிறந்தவர், ஆங்கிலத்தில் ஜேசி. ஜாக்கி சானின் முதலெழுத்துகள் இரண்டும் சேர்ந்தது. கான்பெராக் கொத்தனாரின் ‘ஜா’வில் பாதி அதில் இருக்கிறது. சீனப் படங்களின் பட்டியலில் அந்த மகன் பெயர் சான் என்று வருவதில்லை, சிங் என்றும் வருவதில்லை. ஃபோங் ச்சோ-மிங் என்று வருகிறது. ‘ச்சோ’ என்றால் முன்னோர். ‘மிங்’ என்றால் பெயர்.